நடு ட்யூப் ஏன் ஏறுது?

கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறை ஒன்று 1:10 மாடல் அனுப்பியிருந்தது. மரத்தில் இழைத்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்த 1.2 மீட்டர் பஸ். கிண்டிப் பக்கம் நான் அப்போது வேலை பார்த்த லேபில் விண்ட் டனல், அதாவது மாடல் மேல் காற்றை ஓடவிட்டுச் சோதிக்கும் சுரங்கம், இருந்தது. மாடலை வைக்கும் டெஸ்ட் செக்‌ஷன் 90க்கு 90 சென்டிமீட்டர். பஸ் உள்ளே கச்சிதமாக உட்கார்ந்தது. அந்தக் கச்சிதம்தான் வினை என்று அப்போது உறைக்கவில்லை. டிராக், அதாவது பஸ்ஸைக் காற்று பின்னுக்குத் தள்ளும் விசை, அதிகமாக வந்ததும், முகப்பு வளைவு சரியில்லை என்று ரிப்போர்ட் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

டெக்னீஷியன் அண்ணன், காற்றழுத்தத்தைத் தண்ணீர் மட்டத்தில் காட்டும் மானோமீட்டர் பலகை முன்னால் நின்றுகொண்டிருந்தார். "தம்பி, நடு ட்யூப் ஏன் ஏறுது? பஸ் இல்லாம ஓட்டினா எல்லாம் ஒரே மட்டம்தானே?"

டனலின் பக்கச் சுவர்த் துளைகளிலிருந்து வரும் குழாய்கள் அவை. பஸ்ஸுக்கு நேராக இருந்தவற்றில் சிவப்புத் தண்ணீர் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஏறி நின்றது. அங்கே அழுத்தம் குறைவு, அதாவது காற்று வேகமாக ஓடுகிறது. வேகம் அளக்கும் பிடோ குழாயோ பஸ்ஸுக்கு முன்னால், காற்று நெருக்கப்படுவதற்கு முந்தைய இடத்தில் இருக்கிறது. அது நொடிக்கு 30 மீட்டர் என்று சாதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

கணக்குப் போட்டேன். பஸ் முகப்பு 800 சதுர சென்டிமீட்டர், டனல் 8,100. பத்தில் ஒரு பங்கு அடைப்பு. மூடிய சுவர் டனலில் 5 சதவீதம் தாண்டினாலே யோசிக்க வேண்டும். மிச்ச இடத்தில் நெருக்கியடித்துப் போகும் காற்றின் வேகம் 11 சதவீதம் கூடும். டிராக் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது; அந்த வர்க்கம் 23 சதவீதம் கூடும். அது அப்படியே டிராக்கில் ஏறாதுதான். ஆனால் பஸ் மாதிரி மொட்டைப் பின்புறம் உள்ள வண்டிக்கு, பின்னால் சுழலும் காற்றையும் சுவர் நெருக்கி, பின்பக்க உறிஞ்சலைக் கூட்டிவிடுகிறது. 1963லேயே மாஸ்கெல் என்ற ஆய்வாளர் இதற்குத் திருத்தம் எழுதிவைத்திருக்கிறார். மூக்கில் பெரிதாக ஒன்றும் மாறுவதில்லை. நான் திட்டி எழுதியது மூக்கை!

நேர் காற்றுக்குத் திருத்தம் போட்டு ஒப்பேற்றினோம். பக்கக் காற்றுக்கு முடியவில்லை. பஸ்ஸை 10 டிகிரி திருப்பினால், நீளமும் சேர்ந்துகொண்டு அடைப்பு 18 சதவீதம். ரிப்போர்ட்டில் அந்த வரிசைகளை அடித்துவிட்டேன்.

பட்டறைக்காரர் போனில் கேட்டார். "பக்கக் காத்துக்கு நம்பரே போடலீங்களே?"

"எங்க டனல் பத்தாதுங்க."

"அப்ப பாதி சைஸ்ல செஞ்சு அனுப்பட்டுங்களா?"

பாதி அளவென்றால், மாடலில் ஓடும் காற்று நிஜ பஸ்ஸில் ஓடுவதை எவ்வளவு ஒத்திருக்கும் என்று பார்க்க உதவும் ரெனால்ட்ஸ் எண்ணும் பாதியாகும், விசையை அளக்கும் பேலன்ஸில் கால்வாசிதான் வரும். ஆனால் 10 டிகிரியிலும் அடைப்பு 5 சதவீதத்துக்குள் நிற்கும். அனுப்பச் சொன்னேன். இரண்டு மாதத்தில் 60 சென்டிமீட்டர் பஸ் வந்தது. இந்த முறை கூரையில் லக்கேஜ் கேரியர்கூட வைத்திருந்தார்கள்.