எடை சொல்லாததை வடிவம் சொல்லும்

மொரீஷியஸில் வயது வந்தோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் நீரிழிவுடன் வாழ்கிறார். எங்கள் தமிழ்க் குடும்பங்களில் அந்நோய்க்கு ஆளானவர்கள் எல்லோரும் பருத்தவர்கள் அல்லர். ரோஸ்ஹில்லில் இருக்கும் என் மைத்துனருக்குக் கைகால்கள் மெலிந்தவை, எடையும் அளவோடுதான் இருக்கிறது. சட்டைப் பொத்தானை இழுத்துப் பிடிக்கும் வயிறு மட்டும் தனியே தெரியும். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் பி.எம்.ஐ. கணக்கு அந்த வயிற்றைக் காண்பதில்லை. உடலின் புற வடிவத்தைக் கேமராக்களால் அளக்கும் முப்பரிமாண ஸ்கேன் காண்கிறது.

2004ஆம் ஆண்டு லான்செட் இதழில் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் தங்கள் உடல்களையே சான்றாக வைத்தார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3, ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். தெற்காசிய வம்சாவளியினரான எங்களுக்கு முப்பரிமாண ஸ்கேன் ஏன் முக்கியம் என்று யாரேனும் கேட்டால், நான் முதலில் சொல்வது இதைத்தான்.

சுழலும் மேடையில் நிற்பவரின் மேனியை அகச்சிவப்புக் கேமராக்கள் சுற்றிலும் பல புள்ளிகளாகப் பதிவு செய்ய, கணினி அப்புள்ளிகளை இணைத்து ஓர் உருவமாக்கி, இடுப்பு, வயிறு, தொடை என ஒவ்வொரு பகுதியின் சுற்றளவையும் கன அளவையும் தனித்தனியே தருகிறது. கதிர்வீச்சு கிடையாது, பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும்.

மொத்தக் கன அளவிலிருந்து கொழுப்புச் சதவீதத்தைக் கணக்கிடும் பழைய வழியும் உண்டு: எடையைக் கன அளவால் வகுத்து அடர்த்தியைக் கண்டு, 495ஐ அந்த அடர்த்தியால் வகுத்து, 450ஐக் கழிக்க வேண்டும். 70 கிலோ எடையுள்ளவரின் கன அளவு 66 லிட்டர் என்றால் கொழுப்பு 16.7 சதவீதம், 67 லிட்டர் என்றால் 23.8. ஒரே ஒரு லிட்டர் ஏழு சதவீதத்தைக் கூட்டிவிடுகிறது! ஆழ்ந்து இழுத்த ஒரு மூச்சே அதைவிட அதிகக் காற்றை நெஞ்சுக்குள் கொண்டுவரும். ஆகவே கருவி அச்சிட்டுத் தரும் கொழுப்புச் சதவீதத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வயிற்றின் அளவு மாதத்துக்கு மாதம் கூடுகிறதா குறைகிறதா என்பதே எனக்குப் பயன்படும் செய்தி. அதற்கும் அதே கருவியில், அதே வேளையில், இயல்பாக மூச்சை விட்டபின் நிற்க வேண்டும்.

இந்த முப்பரிமாண ஸ்கேன் தோலின் புறத்தை மட்டுமே அறியும். கல்லீரலைச் சுற்றிய கொழுப்பைப் பார்க்க எம்.ஆர்.ஐ. போன்ற, உடலின் உள்ளே படம் பிடிக்கும் கருவி வேண்டும், இந்த ஸ்கேன் தருவது சமன்பாட்டின் ஊகமே. அச்சமன்பாடு எந்த மக்களின் உடல்களிலிருந்து வகுக்கப்பட்டதோ அவர்களுக்கே நன்கு பொருந்தும். எனவே இத்தீவின் மக்களை அளந்து சரிபார்க்காமல் இக்கருவியை இங்குள்ள சுகாதார நிலையங்களில் வைப்பது போதாது என்பது என் உறுதியான எண்ணம். அதுவரை அளவு நாடா இருக்கிறது: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே சுற்றி அளந்தால், தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எச்சரிக்கை எல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தொளதொளத்த உடையும் கொண்டையும் கன அளவைக் கூட்டிக் காட்டும் என்பதால் உடலோடு ஒட்டிய உடையும் தலைக்கு இறுக்கமான தொப்பியும் தேவை. புடவையன்றி வெளியே வராத என் சின்னம்மா போன்றவர்கள் கேமராக்கள் முன் அப்படி நிற்பார்களா? பெண் ஊழியரும் தாழிட்ட அறையும் வேண்டும். பதிவான உருவம் யாரிடம், எத்தனை காலம் இருக்கும் என்பதை அளப்பதற்கு முன்பே அவர்களுக்குப் புரியும் மொழியில் எழுத்தில் கொடுக்க வேண்டும்.