தீபாவளிக்கு யாருடைய அண்டா?

ஆகஸ்ட் 17, 2025, ஞாயிறு

இந்த வருஷம் தீபாவளி அக்டோபர் 20, திங்கள்கிழமை. வருகிறவர்கள் எல்லோருக்கும் வீட்டைத் திறந்து வைத்து விருந்து கொடுக்கும் திறந்த இல்ல உபசரிப்புக்கு எப்படியும் எண்பது பேர் வருவார்கள். போன வருஷம்வரை அம்மாவே பிரியாணி அண்டாவை இறக்கிவிடுவார். இப்போது முழங்கால் விடவில்லை. வெளியே ஆர்டர் சொல்லிவிடலாம் என்று முடிவாகி, கடை தேடும் வேலை என் தலையில் விழுந்தது.

மலாய் நண்பர்கள் வருவதால் ஹலாலாக இருக்க வேண்டும், அது அப்பாவின் நிபந்தனை. சோறும் இறைச்சியும் ஒரே அண்டாவில் வெந்திருக்க வேண்டும், இது என்னுடையது. செப்டம்பர் 17 புரட்டாசி பிறந்துவிட்டால் வீட்டில் கவுச்சி கிடையாது. அது முடிந்து தீபாவளிக்கு இரண்டு மூன்று நாள்தான் இருக்கும், அப்போது போய் ருசி பார்த்து ஆர்டர் கொடுக்க முடியுமா? ஆக, இந்த ஒரு மாதத்துக்குள் மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் தின்ன வேண்டியதைத் தின்று முடிக்க வேண்டும். கஷ்டமான வேலைதான்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மாமாக் கடை, அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. ஜும்ஆ முடிந்த கூட்டம், வரிசை வாசல்வரை. இங்கே சோறு தனி, கோழி தனி. கியூபிபி நெய், டின் பால், ரம்பை இலை போட்டு ஆக்கிய சோற்றில் அங்கங்கே மஞ்சள் சாயம். அதன்மேல் ஆயாம் மேரா என்கிற சிவப்புக் கோழிக் குழம்பு, அதற்கும் மேலே நாலு வகைக் குழம்பைக் கலந்து 'பாஞ்ஜிர்', அதாவது வெள்ளமாக. தால்சா என்கிற பருப்புக் குழம்பில் கத்திரிக்காய் கரைந்து போயிருந்தது, அதற்காகவே இன்னொரு தடவை போகலாம்.

சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என் நிபந்தனையில் தேறவில்லை. கல்லாவில் இருந்த பாய் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: "பதினொரு மணிக்கு ஆக்குற சோறு ராத்திரிவரைக்கும் நிக்கணும்மா. தம் போட்டு மூணு மணிக்கு மேல வச்சா எவன் சாப்பிடுவான்?" அதனால்தான் செல்லா பாஸ்மதி. நெல்லாக இருக்கும்போதே அவித்துக் காயவைத்த அரிசி என்பதால் சீக்கிரம் உடையாது, சூட்டிலேயே கிடந்தாலும் உதிரியாக இருக்கும். மாமாக் கடைச் சோறு ஏன் எந்த நேரத்திலும் ஒரே மாதிரி இருக்கிறது என்பது இன்றைக்குத்தான் புரிந்தது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

வாழையிலைக் கடை. சீரகச் சம்பா பிரியாணி என்று பலகையில் எழுதியிருந்தது. அரிசி சீரகச் சம்பாதான், சந்தேகமில்லை. ஆனால் நான் போனது இரண்டரை மணிக்கு. மசாலாவை உறிஞ்சும் அரிசி, உறிஞ்சி உறிஞ்சிக் களியாகவே ஆகிவிட்டது. பன்னிரண்டு மணிக்கு வந்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேனோ என்னவோ.

முட்டைக்குத் தனியாக ஒன்றரை வெள்ளி (ரிங்கிட்). கேட்டால், ஆகஸ்ட் 1ஆம் தேதியிலிருந்து அரசாங்கம் முட்டைக்குக் கொடுத்த உதவித்தொகையை எடுத்துவிட்டதாம். எடுத்தது உண்மைதான். ஆனால் கடைசியாக அது ஒரு முட்டைக்கு ஐந்து சென்தான்!

ஆகஸ்ட் 31, ஞாயிறு

சுதந்திர தின விடுமுறை. தம்பி காரில் ஈப்போவில் ஒரு பாகிஸ்தான் கடை. நீளமான பாஸ்மதி, புளிப்பாக ஆலு புகாரா பழம், பட்டை கிராம்பு எல்லாம் முழுசு முழுசாக. நல்ல காரம், அம்மா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர் கேட்டார். முப்பது கிலோமீட்டர் தள்ளியிருந்து எண்பது பேருக்குச் சூடு ஆறாமல் வந்து சேர வேண்டும். வேண்டாம்.

செப்டம்பர் 5, வெள்ளி

மீலாது நபி. எதிர்வீட்டு ராவுத்தர் வீட்டிலிருந்து ஒரு பாத்திரம் நிறைய வந்தது. பள்ளிவாசலில் ஆண்கள் கூடி ஒரே அண்டாவில் ஆக்கியது. இதுவரை சாப்பிட்டதில் இதுதான் முதலிடம், ஆனால் விலைக்குக் கிடைக்காது. பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாதென்று அம்மா அதிரசத்துக்கு மாவு இடித்துக்கொண்டிருக்கிறார். முழங்கால் வலி எங்கே போயிற்றோ.

செப்டம்பர் 7, ஞாயிறு

தம்பி செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை லாரி ஓட்டுகிறான். நாங்கள் பிறந்து வளர்ந்த தோட்டத்து லயங்களில் இப்போது வங்காளதேசத்துக்காரர்களும் இந்தோனேசியர்களும் இருக்கிறார்கள். கித்தா (ரப்பர்) போய்ச் செம்பனை வந்தது, நம் ஆட்கள் தாமான் என்கிற குடியிருப்புகளுக்கு வந்துவிட்டோம், குலை அறுக்கிற வேலைக்கு அவர்கள் வந்தார்கள். "அக்கா, அவங்க ஞாயித்துக்கிழமை டவுனுக்கு வந்து எங்க சாப்பிடுறாங்கன்னு பாரு, அப்புறம் பேசு" என்றான்.

சந்தைக்குப் பின்னால் ஒரு கடை. பலகையில் வங்காள எழுத்து, மூலையில் சர்வதேச அழைப்பு அட்டை விளம்பரம். வாரநாளில் சோறு, பருப்பு, மீன், மாட்டிறைச்சி. ஞாயிறு மட்டும் கச்சி பிரியாணி, அதாவது பச்சை இறைச்சியோடு தம் போடுவது. ஒன்றேகாலுக்குப் போய் நின்றோம். "காக்கா, ஹபிஸ்" (அக்கா, தீர்ந்துவிட்டது) என்று அண்டாவைச் சாய்த்தே காட்டினார் சமையல்காரர். அடியில் எண்ணெய் மினுமினுத்தது, ஒரு பருக்கை இல்லை. தேநீர் குடித்துவிட்டு வந்தோம். ஹபிஸ் ஆகிற கடையில்தான் எனக்கு நம்பிக்கை.

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்று காலை பத்தரைக்கே போய்விட்டேன். அடுப்படியை எட்டிப் பார்க்க விட்டார்கள்.

ஆட்டிறைச்சியை வேகவைப்பதே இல்லை. தயிர், இஞ்சி பூண்டு, பொரித்த வெங்காயம், கொஞ்சம் பச்சைப் பப்பாளி விழுது சேர்த்து விடியற்காலையிலேயே ஊறவைத்து, பச்சையாகவே அண்டாவின் அடியில் பரப்புகிறார்கள். பப்பாளிதான் இறைச்சியை இளக்குகிறது. அதன்மேல் பொரித்த உருளைக்கிழங்கு, அதற்கும் மேலே முக்கால் வேக்காட்டுப் பாஸ்மதி. மூடியைச் சுற்றிக் கோதுமை மாவைக் கயிறுபோல் உருட்டி ஒட்டுகிறார் சமையல்காரர். நான் பார்த்தபோது ஒரு இடத்தில் மாவு வெடித்து ஆவி சீறியது. விரலை உதறிக்கொண்டே எச்சில் தொட்டு அடைத்தார். (இதை அம்மாவிடம் சொல்லவில்லை.) அதற்கப்புறம் அடியில் சின்ன நெருப்பு, மூடிமேல் கரித்துண்டுகள்.

பன்னிரண்டு மணிக்கு மாவை உடைத்தார்கள். கரண்டியைப் போட்டுக் கிளறவில்லை. ஒரு தட்டை ஓரமாகச் செங்குத்தாக இறக்கி, அடிவரை போய், ஒரே வாரலில் மேலே கொண்டுவந்தார். வெள்ளைப் பருக்கை, மஞ்சள் பருக்கை, மசாலாவில் பழுப்பேறிய பருக்கை, எல்லாம் ஒரே தட்டில். இறைச்சி எலும்பிலிருந்து தானாகக் கழன்றது. ஆனால் எனக்கு அந்த உருளைக்கிழங்குதான். ஆட்டுக் கொழுப்பு முழுக்க அதற்குள் இறங்கியிருந்தது. 1856இல் ஆங்கிலேயன் ராஜ்யத்தைப் பிடுங்கியபின் கல்கத்தாவுக்குப் போன லக்னோ நவாப் வாஜித் அலி ஷா வீட்டுச் சமையல்கட்டில்தான் பிரியாணிக்குள் உருளைக்கிழங்கு வந்தது என்று ஒரு கதை உண்டு. பணமில்லாமல் போட்டார்கள் என்பார்கள். எதனால் போட்டால் என்ன, புண்ணியவான்கள்.

குறை? உப்பு அரைப்பிடி கூட. தொட்டுக்கொள்ள வெள்ளரிக்காயைத் தவிர ஒன்றுமில்லை. பதினெட்டு வெள்ளி. அந்த உழைப்புக்குக் கொடுக்கலாம்.

செப்டம்பர் 16, செவ்வாய்

நாளை புரட்டாசி. மலேசிய தின விடுமுறையாகவும் போனதால் ஆர்டரை இன்றே முடித்துவிட்டேன். அதற்கு முன் வீட்டில் ஒரு சின்னப் போர்.

"தீபாவளிக்குப் பங்களாதேஷ் கடைச் சோறா?" என்று பெரியப்பா தொலைபேசியில் ஆரம்பித்தார். அம்மாவின் கவலை வேறு. அந்தக் கடையில் மற்ற நாளில் மாடு ஆக்குகிறார்கள், அந்த அண்டாவில் ஆக்கிய சோற்றை வீட்டுக்குள் எடுக்க மாட்டார். நியாயம்தான். சமையல்காரரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் கொஞ்சமும் முகம் சுளிக்கவில்லை. "உங்க அண்டா, உங்க கரண்டி, நீங்க வாங்குற ஆடு. நான் வந்து உங்க வாசல்லயே ஆக்குறேன்" என்றார் மலாயில். மலாய்க்காரர்களுக்கும் உறுத்தல் இருக்கக் கூடாதென்று, வாங்கும் இறைச்சி ஹலால் கடையில்தான் என்று அவரே ஞாபகப்படுத்தினார்.

அடுத்த சிக்கல் நேரம். விருந்தாளிகள் பதினொன்றிலிருந்து இரவு ஒன்பதுவரை வந்துகொண்டே இருப்பார்கள். மாவை உடைத்தால் இரண்டு மணி நேரம்தான் அந்தச் சோறு. மாமாக் கடை பாய் சொன்னது நினைவுக்கு வந்தது. பேசிப் பேசி, அண்டாவை இரண்டாகப் பிரித்தோம். பன்னிரண்டுக்கு ஐந்து கிலோ அரிசி, மாலை ஆறரைக்கு ஐந்து கிலோ. கிலோ அரிசிக்குக் கிலோ ஆடு. இடையில் வருகிறவர்களுக்கு முறுக்கும் பலகாரமும். தால்சா மட்டும் மாமாக் கடையில்.

முன்பணம் இருநூறு வெள்ளி கொடுத்தாயிற்று. அம்மா கடைசியாக ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னார்: உருளைக்கிழங்கு ஆளுக்கு இரண்டு.