வெற்றுப் பக்கத்தில் கையெழுத்தா?

எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் எஸ்.எம்.சி. (பள்ளி மேலாண்மைக் குழு) கூட்டம் முடிந்தது. கழிப்பறைத் தாழ்ப்பாளைப் பற்றியே பாதி நேரம் பேச்சு. பேசட்டும், பெண் பிள்ளைகளுக்கு அதைவிட முக்கியம் என்ன இருக்கிறது! ஆனால் தீர்மானம் எழுதுவதற்கு முன்பே நோட்டில் கையெழுத்து வாங்கினார்கள் பாருங்கள், அதுதான் இடிக்கிறது.

2009 கல்வி உரிமைச் சட்டப்படி இந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். 2024 மறுகட்டமைப்பில் 24 பேர், முன்னாள் மாணவர்களுக்கும் இடம் உண்டு. பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும், வந்த பணம் எங்கே போனது என்று பார்ப்பதும் இவர்கள் வேலை.

அதனால் அக்காமார்களே, தீர்மானத்தை எழுதச் சொல்லுங்கள், சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அப்புறம் கையெழுத்துப் போடலாம்.