மூன்றாம் நிரல்

எங்கள் கணக்குச் சேர் செத்துப்போய்விட்டார் என்ற செய்தி வட்ஸ்அப்பில் வந்தபோது நான் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு மரக்கறிக் கடைக்கு வெளியே காருக்குள் இருந்தேன். அரை மணித்தியாலம் அப்படியே இருந்துவிட்டு, வாங்க வந்ததை வாங்காமலே வீட்டுக்குத் திரும்பி, பழைய பெட்டிக்குள் கிடந்த அந்தக் கொப்பியை எடுத்தேன். பள்ளிக்கூடப் பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று இரண்டு வருடமாகக் கேட்கிறார்கள். இனி வேறு எதை எழுத?

95ஆம் ஆண்டு உயர்தரக் கணிதப் பிரிவில் இருந்தவர்களுக்குக் கொப்பியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. தவணையின் முதல் நாள், தூய கணிதக் கொப்பியின் கடைசித் தாள், அடிமட்டத்தால் மூன்று நிரல்: எழுதியது, நடந்தது, ஏன். நான் முதல் தடவை "நாலு ஏ எடுத்து மொறட்டுவைக் கம்பஸுக்குப் போவேன்" என்று எழுதினேன். சேர் சிவப்புப் பேனையால் வெட்டிவிட்டு, "அது பேப்பர் திருத்திறவையின்ர கையில இருக்கு. உம்மட கையில இருக்கிறதை எழுதும்" என்றார். அப்புறம் "ஒரு நாளைக்கு இரண்டு கணக்கு" என்று எழுதினேன், அதற்குச் சரி போட்டார். இலக்கு என்றால் என்ன என்று பிறகு எத்தனையோ பேர் எனக்கு வகுப்பெடுத்திருக்கிறார்கள், வேலை செய்யும் இடத்தில் வருடா வருடம் படிவமும் தருகிறார்கள். அந்த ஒரு வெட்டுக்கு மேல் எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை.

1994, இரண்டாம் தவணை. பத்து வருடத்துப் பழைய வினாத்தாள்களைச் செய்து முடிப்பேன் என்று எழுதியிருந்தேன். நடந்தது என்ற நிரலில் மூன்று. ஏன் என்ற நிரலில் "மண்ணெண்ணெய் இல்லை". அதைப் பொய் என்று யாராலும் சொல்ல முடியாது. 1990இலிருந்து யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் அரசாங்கத்தின் தடைப் பட்டியலில், கிடைத்தாலும் கொழும்பு விலையைவிடப் பல மடங்கு. சிக்கன விளக்கை ஒன்பது மணிக்கு மேல் எரிய விட்டால் அம்மா ஊதி அணைத்துவிடுவா. சேர் வாசித்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அன்று பின்னேரம் படலையடியில் சைக்கிள் மணி கேட்டது. சேர்தான். கையில் ஒரு சோடாப் போத்தல், மூடி இல்லாததால் வாயில் கடதாசியைச் சுருட்டி அடைத்திருந்தார், எண்ணெய் கசிந்து கடதாசி பாதிக்குமேல் நனைந்திருந்தது. "தம்பி படிக்க எண்டு கொண்டந்தனான்" என்று அப்பாவிடம் நீட்டினார். அப்பா தோளில் கிடந்த துவாயை இழுத்து மார்பை மூடிக்கொண்டு, "வாங்கோ மாஸ்டர், இருங்கோ" என்றார். சேர் இருக்கவில்லை. அன்று இரவு அப்பா என்னோடு கதைக்கவில்லை. எங்கள் வீட்டில் விளக்குக்கு எண்ணெய் இல்லை என்று ஊருக்குச் சொல்லிவிட்டேன் என்று அவருக்கு மனவருத்தம்.

இரண்டு கிழமை கழித்து வகுப்பில் சேர் கொப்பியைக் கேட்டார். அப்போதும் மூன்றுதான். போத்தலில் எண்ணெய் முக்கால்வாசி அப்படியே இருந்தது. "எழும்பும். மூன்றாம் நிரலை வெட்டிப்போட்டுத் திரும்ப எழுதும். சத்தமா வாசிச்சுக்கொண்டு எழுதும்." நாற்பது பெடியளுக்கு முன்னால் எழுதினேன்: "கிரிக்கெட் விளையாடப் போனேன். செய்யவில்லை." ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். சேர் "சரி, இனித் திருத்தலாம்" என்றுவிட்டுக் கரும்பலகைக்குத் திரும்பினார்.

அந்தத் தவணை முழுக்க அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் மிச்சம் ஏழு வினாத்தாள்களையும் அந்த எண்ணெயில்தான் செய்தேன். போத்தலைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

95 ஆவணியில் சோதனை எழுதி முடித்த பிறகு, யாரும் கேட்காமலே கொப்பியில் ஒரு வரி எழுதினேன்: மறுமொழி வரும் வரை எங்கள் ஒழுங்கைச் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பேன். ஒக்டோபர் 30 வந்தது, யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தது. நாவற்குழிப் பாலத்தை மழையில் கடந்த இரவைப் பற்றி நான் என்ன சொல்ல, நீங்களும்தான் நின்றீர்கள். சேர்ட்டுக்குள் வைத்திருந்தும் கொப்பி நனைந்துவிட்டது. சேரின் சிவப்பு மை பரவி ரோசாவாய் நிற்கிறது, இன்றைக்கும் அந்தத் தாளைத் திறந்தால் வெட்டு எது, சரி எது என்று பிரித்தறிய முடியவில்லை.

கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட மாமரத்தடியில் சேரைக் கண்டேன். அவருடைய சேர்ட்டில் ஒரு பொத்தான் இல்லை. "கொப்பி இருக்கே?" என்றுதான் முதலில் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். சின்னப் பிள்ளைகள் பற்றிய வரியை வாசித்தார். நடந்தது, ஏன், இரண்டும் வெறுமையாய்க் கிடந்தன. மூன்றாம் நிரலில் குறுக்காக ஒரு கோடு இழுத்தார். "இதுக்கு நீர் காரணம் எழுதத் தேவையில்லை." அவரைக் கடைசியாகக் கண்டது அன்றுதான்.

97இல் இங்கே வந்தேன். ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் முதல் நாள் மூன்று நிரல் கீறுகிறேன், இருபத்தெட்டு வருடமாக ஒருமுறையும் தவறவில்லை. தொழிற்சாலை இரவு வேலையை விட்டுவிட்டுக் கணக்கியல் படிப்பது என்று மூன்று வருடம் எழுதி, மூன்று வருடமும் "காசு காணாது" என்று காரணம் போட்டேன். நாலாம் வருடம் அதை வாசித்தபோது அது மண்ணெண்ணெய்க் காரணம் என்று விளங்கியது. காசு இருந்தது, ஆங்கிலத்தில் சோதனை எழுதப் பயம். வெட்டிப்போட்டு "பயம்" என்று எழுதினேன், அந்தக் கிழமையே பதிந்தேன். இன்று நான் சாப்பிடும் சோறு அந்த வெட்டில் வந்தது.

ஆனால் ஒரு வரி இருக்கிறது. 2002இல் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை திறந்த வருடத்திலிருந்து எழுதிவரும் வரி: ஊருக்குப் போய் சேரைப் பார்ப்பது. ஏன் நிரலில் வீட்டுக் கடன், பிள்ளைகள் சின்னன், பிறகு சண்டை. சண்டை உண்மை. 2009இல் சண்டை முடிந்த பிறகு லீவு இல்லை, மகளின் சோதனை, கொரோனா. 2014இல் ஒரு கலியாணத்துக்குக் கொழும்பு வரை போய் நாலு நாள் நின்றேன். யாழ்ப்பாணத்துக்கு ஒரு இரவு பஸ். அந்த வருடக் காரணம் "நேரம் காணாது". மற்ற வரிகளில் விடாத பொய்களை இந்த ஒரு வரியில் மட்டும் வருடம் வருடமாக விட்டிருக்கிறேன்.

நேற்று இரவு பிள்ளைகள் படுத்த பிறகு அந்தக் காரணங்கள் எல்லாவற்றையும், சண்டையைத் தவிர, ஒவ்வொன்றாக வெட்டினேன். பிறகு, பக்கத்தில் யாரும் இல்லாவிட்டாலும், சத்தமாக வாசித்துக்கொண்டே எழுதினேன்: "நான் வெளிக்கிட்டு வந்ததைப் பற்றி சேர் கேட்பார் என்று பயம். போகவில்லை."