830பி: ஸ்டிக்கர் இல்லாத ரேமின் பெயரைத் தேடியது

அக்கா மகள் கல்லூரியில் சேர்ந்ததும் என் பழைய மடிக்கணினியை அவளுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தேன். 2011இல் வாங்கியது. ஹார்ட் டிஸ்க்கை மாற்றி எஸ்எஸ்டி போட்டாயிற்று. இன்னொரு 4 ஜிபி ரேம் சேர்த்துவிட்டால் படிப்பு முடியும்வரை தாங்கும் என்று கணக்குப் போட்டுப் பின்மூடியைக் கழற்றினேன். இரண்டு ஸ்லாட்டில் ஒன்று காலி. மற்றதில் இருந்த ரேமில் ஸ்டிக்கரே இல்லை. பசை காய்ந்த தடம் மட்டும் இருந்தது.

பக்கத்துக்கு எட்டாகப் பதினாறு சிப்கள். ஒவ்வொன்றிலும் 'எலிக்சிர்' என்று ஒரு பெயர், அதன் கீழே 'என்2சிபி2ஜி80' என்று தொடங்கும் ஒரு குறியீடு. சாம்சங் தெரியும், ஹைனிக்ஸ் தெரியும், மைக்ரான் தெரியும். எலிக்சிர் என்ற பெயரை அன்றுதான் முதலில் பார்த்தேன். இணையத்தில் தேடினால் கிட்டார் கம்பிதான் வந்து நின்றது.

ரேமைக் கழற்றி எடுத்துக்கொண்டு, சென்னையில் கணினிப் பாகங்கள் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைக்காரர் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது லோக்கல் அண்ணே. தூக்கிப் போட்டுட்டு ரெண்டும் புதுசாப் போட்டுடுங்க" என்றார். இத்தனை வருடமாக ஒரு முறைகூட மக்கர் பண்ணாத ரேமை அப்படித் தூக்கிப் போட மனம் வரவில்லை. ஒருவேளை அவர் சொல்வது சரியாக இருந்தால், அதை அப்படியே குழந்தையிடம் கொடுக்கவும் மனம் வரவில்லை. தெரிந்துகொண்டே ஆக வேண்டும் என்று வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

ஸ்டிக்கர் போனாலும் ரேமுக்குள் அதன் ஜாதகம் இருக்கிறது. பெரிய சிப்களுக்கு நடுவே பொடிசாக ஒரு சிப் இருக்கும். எஸ்பிடி என்பார்கள். என்னுடையதுபோன்ற டிடிஆர்3 தலைமுறை ரேமில் அது 256 பைட் கொண்ட சின்ன நினைவகம். கொள்ளளவு, வேகம், வோல்டேஜ், தயாரித்தவர், தயாரித்த வாரம், வரிசை எண் எல்லாம் அதில் எழுதியிருக்கும். கணினி ஒவ்வொரு முறை இயங்கத் தொடங்கும்போதும் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருள் அதைப் படித்துத்தான் ரேமை எந்த வேகத்தில் ஓட்டுவது என்று முடிவு செய்கிறது.

ரேமை மறுபடி மாட்டி, பென்டிரைவிலிருந்து உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தைக் கிளப்பி, பயாஸ் தரும் வன்பொருள் விவரங்களைக் காட்டும் டிஎம்ஐடிகோட் கட்டளையைக் கொடுத்தேன். விண்டோஸில் இருப்பவர்கள் சிபியு-இசட் மென்பொருளின் எஸ்பிடி பக்கத்தைப் பார்த்தால் போதும். எனக்குத் தயாரிப்பாளர் என்ற இடத்தில் வந்தது '830பி' என்ற நான்கு எழுத்து. அவ்வளவுதான். பயாஸுக்கு அந்த எண்ணைப் பெயராக மாற்றத் தெரியவில்லை, அப்படியே கக்கிவிட்டது. இங்கேதான் ஒரு மாலைப் பொழுது முழுதும் போனது.

நினைவகத் துறைக்கான தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பு, தயாரிப்பாளர் ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாள எண் கொடுத்திருக்கிறது. அந்தப் பட்டியலின் பெயர் ஜேஇபி106. நான் அதில் 83 என்ற எண்ணைத் தேடிக்கொண்டிருந்தேன். அது தப்பு. ஒரே பைட்டுக்குள் எல்லா நிறுவனங்களையும் அடக்க முடியாததால் பட்டியலைப் பல தொகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் பைட், எத்தனை தொகுதிகளைத் தாண்டிப் போக வேண்டும் என்று சொல்கிறது. இரண்டாவது பைட்தான் அந்தத் தொகுதிக்குள் நிறுவனத்தின் எண். (பைட்களைப் பதினாறின் அடிமானத்தில், 9க்குப் பிறகு ஏ முதல் எஃப் வரை எழுத்துகளோடு, இரண்டு இலக்கமாக எழுதுவார்கள். 830பியில் 83 ஒரு பைட், 0பி இன்னொன்று.)

அப்படியானால் 83 தொகுதிகளைத் தாண்டுவதா? அதுவும் இல்லை. ஒரு பைட்டில் எட்டு பிட், அதாவது எட்டு ஒன்று அல்லது பூஜ்யங்கள். அதன் மேல் பிட் (அதன் மதிப்பு 80) பிழை கண்டுபிடிப்பதற்காக வைத்தது. பைட்டில் உள்ள ஒன்றுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும் என்பது விதி. 3ஐ இரும எண்ணில் எழுதினால் இரண்டு ஒன்றுகள். இரட்டைப்படையாகிவிடுகிறது. எனவே மேல் பிட்டில் இன்னொரு ஒன்றைச் சேர்க்கிறார்கள், 03 என்பது 83 ஆகிவிடுகிறது. அந்தப் பிட்டை நீக்கினால் மிஞ்சுவது 3. மூன்று தொகுதிகளைத் தாண்டி நான்காவதில் 0பி எண்ணைப் பார்த்தேன்: நான்யா டெக்னாலஜி. 1995இல் தொடங்கப்பட்ட தைவான் நிறுவனம், ரேமில் இருக்கும் டிராம் நினைவகச் சிப்களைத் தானே தயாரிப்பது. எலிக்சிர் அதன் வணிகப் பெயர்களில் ஒன்று! லோக்கலாம்.

இந்தக் கணக்கு புரிந்துவிட்டால் மற்றவையும் எளிது. 80சிஇ சாம்சங், 80ஏடி ஹைனிக்ஸ், 802சி மைக்ரான். மூவரும் முதல் தொகுதியில் இருப்பதால் தாண்ட வேண்டியது பூஜ்யம், அதற்கு மேல் பிட் சேர்ந்து 80. பழைய கணினிகளில் கிமோண்டா, எல்பிடா என்ற தயாரிப்பாளர்களின் பெயர்களும் வரும். அவையும் போலி அல்ல. கிமோண்டா 2009இல் திவாலானது, எல்பிடா 2013இல் மைக்ரானுடன் சேர்ந்துவிட்டது.

கண்ணாலேயே பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில், எஸ்பிடி சிப்பை நேரடியாகப் படிக்க உதவும் ஐ2சி-டூல்ஸ் நிறுவி 50 என்ற முகவரியில் இருந்த அதன் பைட்களையும் படித்தேன். படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கே தவறாக எதையாவது எழுதிவிட்டால் ரேமைக் கணினி அடையாளம் காணாமல் போகலாம். 117, 118ஆம் பைட்களில் 83, 0பி அப்படியே இருந்தன. 120இல் 11, 121இல் 22, அதாவது 2011ஆம் ஆண்டு 22ஆம் வாரம். 128இலிருந்து பாக எண். அங்கே 4டி, 32, 53 என்று வரிசையாக வந்ததை எழுத்தாக மாற்றினால் எம், 2, எஸ். அதைத் தொடர்ந்து 4ஜி64. எலிக்சிரில் எம்2எஸ் என்றால் மடிக்கணினி ரேம், எம்2எஃப் என்றால் மேசைக்கணினி ரேம். 148, 149ஆம் பைட்கள் சிப்பைச் செய்தவரைச் சொல்பவை. அங்கேயும் அதே 83, 0பி. எப்போதும் இப்படி ஒத்துப்போகாது. கிங்ஸ்டன் போன்றவர்கள் சிப்களை வெளியே வாங்கித்தான் ரேம் செய்கிறார்கள், அதனால் ரேமைச் செய்தவர் ஒருவர், சிப்பைச் செய்தவர் வேறொருவர் என்று இருப்பது சாதாரணம்.

சிப் மேலிருந்த குறியீடும் இப்போது பேசியது. 2ஜி என்பது 2 ஜிகாபிட், 80 என்பது 8 பிட் அகலம். 16 சிப்களுக்கு 32 ஜிகாபிட், எட்டால் வகுத்தால் 4 ஜிபி. கணக்கு நேர்.

உண்மையில் ஜோடி சேர்க்க ஒரே தயாரிப்பாளர் தேவையில்லை. வகை, வேகம், வோல்டேஜ் பொருந்தினால் போதும். என்னுடையது டிடிஆர்3, 1333, 1.5 வோல்ட். 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் 1.5இலும் ஓடும் என்பதால் அதையும் வாங்கலாம். ஆனால் 1.35 வோல்ட் மட்டுமே தரும் பிந்தைய மடிக்கணினியில் என் ரேமைப் போட முடியாது. மறுவாரம் அதே தெருவில் வேறொரு கடையில், கழற்றிய ரேம்கள் கிடந்த தட்டிலிருந்து பிசி3-10600எஸ் (1333 வேக டிடிஆர்3 மடிக்கணினி ரேமின் குறியீடு) என்று ஸ்டிக்கர் போட்ட 4 ஜிபி சாம்சங் ஒன்றை எடுத்தேன். மாட்டியதும் 8 ஜிபி காட்டியது. இரவு முழுக்க ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் மென்பொருளை ஓடவிட்டுக் காலையில் பார்த்தேன், ஒரு பிழையும் இல்லை.

மூடுவதற்கு முன் பின்மூடியின் உட்புறத்தில் மார்க்கரால் எழுதி வைத்தேன்: ஸ்லாட் 1 நான்யா, 4 ஜிபி, 1333, 1.5 வோல்ட், 2011 வாரம் 22. ஸ்லாட் 2 சாம்சங். அக்கா மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, 22ஆம் வாரம்னா எந்த மாசம்?" என்று கேட்டாள். இருவரும் நாட்காட்டியை எடுத்து எண்ணினோம். மே மாதக் கடைசி.