மண்ணுக்கு எதுக்குங்க ஹீட்டர்?

ஊட்டிக்குப் பக்கத்தில் எங்கள் தலைகுந்தாவில் ஜனவரி காலை என்றால் புல் முழுக்க வெள்ளையாகக் கிடக்கும். உறைபனி ஓய்வதற்குள் குடைமிளகாய், தக்காளி நாற்றுகளை வீட்டுக்குள்ளேயே எழுப்பிவிட நினைத்தேன். குழித்தட்டு, மண்ணுக்குப் பதில் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), நாலடி எல்.இ.டி. டியூப், டைமர் எல்லாம் ஒரே நாளில் சேர்ந்துவிட்டன. என்னை அலையவிட்டது சூடுதான்.

குடைமிளகாய் விதை நன்றாக முளைக்க மண் 25 டிகிரி அளவில் இருப்பது நல்லது. என் அறையில் 12. ஆன்லைனில் ஒரு ஹீட் மேட் (தட்டுக்கு அடியில் விரிக்கும் மின்சாரச் சூட்டு விரிப்பு) வாங்கி மாட்டினேன். பத்தே நிமிஷத்தில் ரப்பர் கருகும் நாற்றம். திருப்பிப் பார்த்தால் மூலையில் எறும்பு சைஸில் '110 வோல்ட்'! நம் 230 வோல்ட்டில் அது நாலு மடங்குக்கு மேல் வாட் இழுத்து வெந்திருக்கிறது. விற்றவரோ, "எரிஞ்ச பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது சார்" என்று முடித்துக்கொண்டார். லேபிளின் போட்டோவைக் கேட்டுப் பார்க்காமல் வாங்கிவிடாதீர்கள்.

நம் வோல்ட்டுக்கு ஏற்ற மேட் ஊட்டிக் கடைகளில் கிடைக்கவில்லை. பஸ் பிடித்து மேட்டுப்பாளையம் இறங்கினேன். வேர்த்துக் கொட்டுகிறது, நான் ஸ்வெட்டரோடு நிற்கிறேன். எலக்ட்ரிகல் கடைக்காரர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏனுங்க, மண்ணுக்கு எதுக்குங்க ஹீட்டர்?" என்றார். அந்த வெயிலில் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

வெறுங்கையோடு திரும்பும் வழியில் ஒரு வண்ணமீன் கடை. தொட்டிக்குள் போடும் 100 வாட் ஹீட்டர், வைத்த சூட்டில் தானாக நிறுத்தும் தெர்மோஸ்டாட்டோடு! அகலமான பிளாஸ்டிக் டப்பில் நாலு விரற்கடை தண்ணீர், அதற்குள் ஹீட்டரைப் படுக்க வைத்து, இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி மேலே தட்டை வைத்தேன். 28-ல் வைத்தால் கோகோபீட் 25, 26-ல் நிற்கிறது. தண்ணீர் வற்றி ஹீட்டர் வெளியே தெரிந்தால் கண்ணாடி வெடித்துவிடும். பிளக்கைப் பிடுங்காமல் டப்பில் கைவிடவே கூடாது.

அடுத்த தப்பு முழுக்க என்னுடையது. இரண்டு விதையையும் ஒரே தட்டில் போட்டேன். தக்காளி ஆறாம் நாளே தலைகாட்ட, குடைமிளகாய்க்குப் பத்து நாள் ஆனது. அதுவரை தக்காளி சூட்டிலேயே இருந்தது, டியூபோ இரண்டடி உயரத்தில். எல்லாம் வெளிறி, நூல் மாதிரி நீண்டு சாய்ந்துவிட்டன. டியூபை மூன்று அங்குலத்துக்கு இறக்கி, தினம் 14 மணி நேரம் எரியவிட்டு மறுபடி விதைத்த தட்டு கட்டையாக, பச்சையாக நிற்கிறது.

98 குழியில் 81 நாற்று. கருகிய மேட் இப்போது வாசலில் கால்மிதி.