சனிக்கிழமைதோறும் அதே மேடை

கல்யாண ரிசப்ஷனிலும் ஊர்த் திருவிழாவிலும் பாட்டுப் போட்டுப் பழகிய டிஜேக்கு ஒரு ராத்திரிதான் கணக்கு. அன்றைக்குக் களைகட்டினால் போதும். மறுநாள் ஊர் மாறும், ஆள் மாறும். அரியமான், மண்டபம், ராமேஸ்வரம் பக்கத்துக் கடற்கரை ரிசார்ட் ஒன்றில் "இனி வாராவாரம் சனிக்கிழமை நீங்களே வந்துடுங்க தம்பி" என்று சொல்லிவிட்டால் அந்தக் கணக்கு செல்லாது. ஆட வருகிற விருந்தாளிகள் மட்டுமே ஒவ்வொரு வாரமும் புதியவர்கள். மேனேஜர், பஃபே பார்க்கும் கேப்டன், வாட்ச்மேன், மதிலுக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் மீனவக் குடும்பங்கள் எல்லாரும் வருடத்துக்கு 52 தடவை உங்களைக் கேட்கப் போகிறவர்கள். அந்த இடம் உங்களுக்கு நிலைக்குமா என்பதை முடிவு செய்பவர்கள் இவர்கள்தான்.

முதலில் நேரம். சென்னையில் மூடிய கிளப்புக்குள் ஆட்டம் சூடு பிடிக்கும் நேரத்தில் இங்கே நீங்கள் ஒயர் சுருட்டிக்கொண்டிருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. ஆகவே மாலை ஆறரைக்குத் தொடங்கி, 9.50க்குக் கடைசிப் பாட்டைப் போட்டு, 9.55க்கு மாஸ்டரை (மிக்ஸரின் மொத்தச் சத்தக் குமிழை) மெதுவாக இறக்குவதுதான் பாதுகாப்பான வழக்கம். பத்து மணி அடிக்கும்போது உச்சத்தில் இருக்கும் பாட்டைப் பட்டென்று நிறுத்தினால் கூட்டம் "ஒன்ஸ் மோர்" கேட்கும், மேனேஜரும் தடுமாறுவார். கடைசி இருபது நிமிடத்தில் படிப்படியாக இறங்கினால் அந்தச் சங்கடமே வராது.

பத்து மணிக்கு முன்னாலும் அளவு உண்டு. குடியிருப்புப் பகுதிக்குப் பகல் வரம்பு 55 டெசிபல். தனியார் இடத்தின் எல்லையில் அதற்கு மேல் 5 டெசிபலுக்குள்தான் இருக்க வேண்டும். அதாவது மதிலோரம் 60. ஒரு மீட்டரில் 110 டெசிபல் கொடுக்கும் பாக்ஸ், திறந்தவெளியில் 10 மீட்டரில் 90 ஆகவும், 100 மீட்டரில் 70 ஆகவும் இறங்கும். தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 குறையும். நூறு மீட்டர் தள்ளி வீடு இருந்தாலும் கணக்கு இடிக்கிறது என்பது இதிலேயே தெரியும். இதனால்தான் இரண்டு பெரிய பாக்ஸைத் தூரத்தில் வைத்து அலறவிடுவதைவிட, ஆடும் இடத்தைச் சுற்றி நான்கு சிறிய பாக்ஸை உள்முகமாக வைத்துக் குறைந்த சத்தத்தில் ஓட்டச் சொல்கிறோம். ஆடுகிறவர் காதுக்கு அதே சத்தம் கிடைக்கும், மதிலுக்குப் போவது குறையும். சாப்பாட்டு மேசைப் பக்கம் 15 மீட்டர் தள்ளிக் கூடுதல் பாக்ஸ் வைத்தால் அதற்கு 44 மில்லிசெகண்ட் டிலே (ஒலித் தாமதம்) கொடுங்கள். மீட்டருக்கு ஏறத்தாழ 2.9 மில்லிசெகண்ட். கொடுக்காவிட்டால் ஒவ்வொரு அடியும் இரண்டாகக் கேட்கும்.

போன் ஆப்பில் சத்தம் பார்த்து "எல்லாம் அளவுக்குள்ளதான் இருக்கு" என்று நம்புவது புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. மீட்டர் வழக்கமாக ஏ-வெயிட்டிங்கில், அதாவது தாழ்ந்த ஒலியைக் குறைத்து எண்ணும் முறையில், இருக்கும். அது 63 ஹெர்ட்ஸ் பேஸை 26 டெசிபல் குறைத்துக் காட்டும். எண் அழகாக இருக்கும்போதே பக்கத்து வீட்டுத் தகரக் கதவு அதிர்ந்துகொண்டிருக்கும். பேஸை ஏறத்தாழ அப்படியே காட்டும் சி-வெயிட்டிங்குக்கு மாற்றி மதிலோரம் நடந்து பாருங்கள். விடியலுக்கு முன் எழுந்து கடலுக்குப் போக வேண்டியவர்களைத் தூங்கவிடாமல் செய்வது மெலடியல்ல, அந்தத் 'தும் தும்'தான். ஒன்பது மணிக்குப் பிறகு பேஸ் பாக்ஸான சப்வூஃபரை மட்டும் 4 முதல் 6 டெசிபல் இறக்கி, 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். ஆடுகிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

காற்றையும் படிக்க வேண்டும். காற்று போகும் திசையில் ஒலி தரையை நோக்கி வளையும். எதிர்த்திசையில் மேலே வளைந்து தப்பிவிடும். தென்கடல் குமுறும் கச்சான் (தென்மேற்குக் காற்று) மாதங்களில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, தெற்குக் கரையில் போடும் பாட்டு ஊருக்குள் ஏறும். வடக்கிலிருந்து வாடை தொடங்கியதும் வடகடல் பக்கத்து ரிசார்ட்டுகளுக்கு அதே சிக்கல். பாக்ஸ் நிற்கும் கோணத்தை வருடத்துக்கு இரண்டு முறையாவது மாற்றுங்கள். இரவில் தரை குளிர்ந்த பிறகு ஒலி இன்னும் தூரம் போகும். ஏழரைக்குச் சரியாக இருந்த அளவு ஒன்பதரைக்குச் சரியாக இருக்காது.

ஒரு மாலையை எப்படி நடத்துவது? ஆறரைக்கு உட்காருகிறவர்கள் பெரும்பாலும் குடும்பங்கள். பிள்ளைகள் மணலில் விளையாடுவார்கள், பெரியவர்கள் பேசுவார்கள். 90 முதல் 105 பிபிஎம் (நிமிடத்துக்கு இத்தனை தாள அடி), அருகிலுள்ள மேசையில் 70 டெசிபல். எதிரில் இருப்பவரிடம் குரல் உயர்த்தாமல் பேச முடிய வேண்டும், அதுதான் அளவுகோல். ஏழரைக்கு மேல் கொஞ்சம் ஏற்றலாம். எட்டு மணிக்கு பஃபே திறந்ததும் தளம் காலியாகும். இந்த இடத்தில்தான் புதியவர்கள் பதறிப்போய் மிகப் பெரிய குத்துப்பாட்டை எடுத்து, சத்தத்தையும் கூட்டுகிறார்கள். பசித்தவன் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஆட வரமாட்டான். அந்தப் பாட்டு வீணாவதுதான் மிச்சம். பஃபே எத்தனை மணிக்கு, கேக் வெட்டு உண்டா என்று ஐந்து மணிக்கே கேப்டன் அண்ணனிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சாப்பிடும் 40 நிமிடமும் இறக்கியே வைத்து, எட்டே முக்காலுக்கு முதல் மேசை கை கழுவும்போது ஏற்றத் தொடங்கினால், ஒன்பதுக்கும் ஒன்பதரைக்கும் நடுவே தளம் தானாக நிறையும்.

பாட்டு இருப்பைப் பொறுத்தவரை, மூன்றரை மணி நேரத்துக்கு ஏறத்தாழ 70 பாட்டுகள் ஓடும். கியூ (தொடங்கும் இடக் குறி) போட்டு, கிரிட் (தாள அடிக் கோடுகள்) சரிபார்த்து, தயாராக 300 பாட்டு வைத்திருங்கள். வாரத்துக்கு 20 புதிதாகச் சேருங்கள். ரெக்கார்ட்பாக்ஸ் என்ற டிஜே மென்பொருளின் ஹிஸ்டரி எந்த இரவில் என்ன போட்டீர்கள் என்பதைச் சேமித்து வைக்கும். வெள்ளிக்கிழமை அதைப் புரட்டிவிட்டுத் தொடக்க மூன்று பாட்டையும் உச்சக்கட்ட வரிசையையும் மாற்றுங்கள். சர்வர் தம்பி அடுத்த பாட்டை முன்கூட்டியே முணுமுணுக்கத் தொடங்கினால் வரிசை பழசாகிவிட்டது என்று அர்த்தம்.

நம் ஊர்ப் பாட்டுகளில் தாள நடை ஒரு தனி விஷயம். டப்பாங்குத்து பெரும்பாலும் திஸ்ர நடை, மூன்று மூன்றாக நடப்பது. ஹவுஸ், இந்தி ரீமிக்ஸ் எல்லாம் சதுஸ்ரம், நான்கு நான்காக நடப்பது. 135இல் ஓடும் குத்தை மென்பொருள் 90 என்று காட்டும். அதை நம்பி சின்க் (இரு பாட்டின் வேகத்தையும் தானே பொருத்தும் பொத்தான்) அழுத்தினால் தவிலும் கிக் டிரம்மும் ஒன்றோடொன்று முட்டும். இரண்டு நடைகளை மேலே மேலே கலக்க முயல வேண்டாம். போகிற பாட்டின் வரி முடிவில் ஒரு பீட் எக்கோ விட்டு ஃபேடரை மூடி, வருகிற பாட்டை அதன் பறை எடுப்பிலிருந்து இறக்குங்கள். சுத்தமான வெட்டு, அழுக்கான மிக்ஸைவிட ஆயிரம் மடங்கு மேல். இசைக்கலைஞர்கள் நேரில் வாசித்துப் பதிந்த எண்பதுகளின் பாட்டுகளில் வேகம் கொஞ்சம் கூடிக் குறையும். அவற்றுக்கு, மாறும் வேகத்தைத் தொடர்ந்து கணிக்கும் டைனமிக் அனாலிசிஸ் போடுங்கள், இல்லையென்றால் சின்க்கை அணைத்துவிட்டுக் காதை நம்புங்கள்.

கோப்புகள் 320 கேபிபிஎஸ் எம்பி3 அல்லது வேவ். ஃப்ளாக் கோப்பைப் பழைய சிடிஜேக்கள் (டிஜே பிளேயர்கள்) எடுக்காது. பென் டிரைவ் ஃபேட் 32 ஃபார்மட்டில், ஒரே நகலாக இரண்டு. வீடியோ தளத்திலிருந்து இறக்கிய பாட்டில் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது; நல்ல கோப்புக்கு அடுத்து வந்தால் பாக்ஸ் மேல் போர்வை போட்டது போல் மங்கும். அந்த மங்கலைச் சரிக்கட்ட ட்ரெபிளை ஏற்றி, மிக்ஸர் சிவப்புக்குப் போய், ஆம்ப் கிளிப் ஆகி (தாங்காமல் ஒலி சிதைந்து), கடைசியில் பாக்ஸின் டயாஃப்ரம் எரிவது வழக்கமாக நடப்பதுதான். சேனல் மீட்டர் 0 டெசிபல் சுற்றி நிற்கட்டும். சத்தம் போதாதென்றால் ஆம்பில் கூட்டுங்கள்.

கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் சில விநாடி இடைவெளி விழும். பிளேயருக்கும் மிக்ஸருக்கும் மட்டும் 600 விஏ யுபிஎஸ் போதும். ஆம்பை அதில் மாட்டக் கூடாது. கரண்ட் போன உடனே மாஸ்டரை இறக்குங்கள், திரும்பி வந்ததும் ஏற்றுங்கள். பாட்டு உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். ஆன் செய்யும்போது ஆம்ப் கடைசி, ஆஃப் செய்யும்போது ஆம்ப் முதல். மேல்மணல் காய்ந்த கோடையில் எர்த் சரியாக இறங்காது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டு எர்த் குழியைப் பார்க்கச் சொல்லுங்கள். 'உம்' சத்தத்தைப் போக்க மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை ஒடிப்பவர்கள் உண்டு. ஈரக் கையோடு மைக் பிடிக்கும் கடற்கரையில் அது உயிரைக் குடிக்கும். ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸை (ஒலி ஒயருக்கு நடுவே மாட்டும் சிறு பெட்டியை) போட்டால் சத்தம் நிற்கும்.

உப்புக்காற்று பற்றி இந்தக் கரையில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பாம்பன் பாலத்துக்கு ஓயாமல் பெயின்ட் அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள். கருவிக்கும் அதே கதிதான். ஏசி அறையில் இருந்த மிக்ஸரை வெளியே கொண்டுவந்ததும் ஆன் செய்யக் கூடாது. உள்ளே நீர் வியர்க்கும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்து, பிறகு திறங்கள். ஃபேடர் கரகரத்தால் சாதாரணத் துரு நீக்கி ஸ்பிரே அடிக்காதீர்கள். அது விட்டுப்போகும் எண்ணெய்ப் படலத்தில் மணல் ஒட்டும். ஃபேடருக்கென்றே விற்கும் லூப்ரிகன்ட் வாங்குங்கள். ஜாக்குகளை வாரம் ஒருமுறை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள்.

நாட்காட்டியை மேனேஜரோடு உட்கார்ந்து குறித்துக்கொள்ளுங்கள். ஆடி, தை அமாவாசைக்கு முந்தைய இரவுகளில் அறைகள் நிறைந்திருக்கும், தளம் நிறையாது. வந்தவர்கள் விடியலில் அக்னி தீர்த்தத்தில் இறங்க வேண்டியவர்கள். காலை ஐந்து மணி ஸ்படிகலிங்க தரிசனத்துக்குப் போகிறவர்களும் அப்படியே. கார்த்திகை தொடங்கி மாலை போட்ட சாமிகள் வருவார்கள். ரமலானில் இரவுத் தொழுகை நேரம் பள்ளிவாசல் பக்கம் இருந்தால் இறக்க வேண்டும். தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் தவக்காலமும் உண்டு. இந்த நாட்களில் தாழ்ந்த குரலில் ஒரு இசை மாலை நடத்திக் கொடுக்கத் தெரிந்தவரை எந்த ரிசார்ட்டும் விடாது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஆமை கரையேறும் காலம். குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கி நகர்பவை என்பதால் மூவிங் ஹெட் (சுழன்று திரும்பும்) விளக்குகளைக் கடல் பக்கம் திருப்பவே வேண்டாம்.

பணம் பேசும்போது மூன்றை எழுத்தில் வாங்குங்கள்: மழையால் ரத்தானால் எவ்வளவு, அதை எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும்; ரிசார்ட் கருவி பழுதானால் யார் செலவு; பாட்டு உரிமம் யார் பொறுப்பு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை முதல் கேள்வி அடிக்கடி எழும். மூன்றாவதைக் கல்யாண அனுபவத்தை வைத்து விட்டுவிடாதீர்கள். திருமணச் சடங்குகளுக்கு 1957 பதிப்புரிமைச் சட்டம் தரும் விலக்கு வாராந்தர ரிசார்ட் நிகழ்ச்சிக்குக் கிடையாது. பிபிஎல் (ஒலிப்பதிவுக்கு), ஐபிஆர்எஸ் (இசைக்கும் பாடல் வரிக்கும்) உரிமங்களை ரிசார்ட் எடுத்திருக்க வேண்டும்.

காதையும் கவனியுங்கள். 94 டெசிபலில் ஒரு மணி நேரம், 97இல் அரை மணி, 100இல் கால் மணி. அதற்குமேல் ஒரு நாளைக்குக் காது தாங்காது என்பது அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனமான நையோஷ் வைத்த கணக்கு. மானிட்டரை (உங்கள் பக்கம் வைத்த பாக்ஸை) இறக்கி, இசைக்காரர்களுக்கான இயர்பிளக் போடுங்கள்.

இரவு பத்துக்கு ஆம்பை அணைத்த பிறகு கருவி ஆற இருபது நிமிடம் விடுங்கள். அதற்குள் ஒயரைச் சுருட்டி, மணலைப் பிரஷ்ஷால் தட்டி, இரண்டாவது பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம். சூடு இருக்கும்போதே பிளாஸ்டிக் உறை போட்டால் ஈரம் உள்ளேயே தங்கும். முதலில் பருத்தித் துணி, பிறகு சிலிக்கா ஜெல் பை இரண்டு, கடைசியாக உறை. கிளம்பும்போது வாட்ச்மேன் அண்ணனிடம், இன்றைக்குச் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டதா என்று விசாரித்து, அவர் சொல்வதை அன்றைய தேதிக்கு நேரே எழுதி வையுங்கள்.